உள்ள போ, எடம் இருக்கு

புகார் மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
முதல் இரண்டும் மாடி வீட்டுக்காரர்கள்.
காற்று அவர்களிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறது.

கடலூர் முதுநகர். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
நீல இரும்புக் கதவு.
ருக்மாங்கதன், சிதம்பரம் தடத்தில்
முப்பத்தோரு வருஷம் கண்டக்டர்.
எந்த நிறுத்தத்திலும் ஆளை விட்டுப் போகமாட்டார்,
படியில் ஏழு பேர் தொங்கினாலும்
"உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்கு."

தானே புயலுக்கு மறுநாள்
சாய்ந்த முருங்கைக்கு அடியில் ஒரு பூனைக்குட்டி.
அதுதான் முதல் டிக்கெட்.

நகராட்சி வேன் தெருமுனையிலேயே நின்றது.
டாக்டர் மெகருன்னிசா
முகக்கவசத்தை இரண்டாக மாட்டிக்கொண்டார்.
தெரிந்த முகம் ஒன்று கூட வரட்டும் என்று
என்னையும் அழைத்தார்கள்.

கண்ணை அறுத்தது மூத்திர நெடி.
நனைந்து காய்ந்து நனைந்த செய்தித்தாள்கள்
தரையோடு தரையாகிச் செருப்பைப் பிடித்து இழுத்தன.
கட்டிலில், பரணில், ஓடாத ஃபிரிட்ஜுக்குள்,
சன்னல் கம்பிக்கும் கொசுவலைக்கும் நடுவில்
பீளை கட்டிய கண்கள்.
ஒரு குட்டி தும்மியது. பிறகு வீடே தும்மியது.
ஆணியில் காக்கிப் பை, அதோடு விசில்.

உட்காருங்க என்றார்.
உட்கார இடமில்லை என்பது
அவர் கண்ணில் படவே இல்லை.

"எத்தனை இருக்குங்க ஐயா?"
"ஒரு இருபது இருக்கும்."
அறுபத்து நான்கு.
பீரோவில், வேட்டிக் கிழிசல்களில் சுற்றி,
பெயர்ச் சீட்டோடு இன்னும் பதினொன்று.
அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பெயர்கள் எல்லாம் ஊர்கள்.
காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர்.
தடம் தீர்ந்த பிறகு பிறந்தவற்றுக்குப் பெயர் கிடையாது.
"சிதம்பரத்துக்கு அப்பால நான் போனதில்லம்மா."

"கொண்டுபோனா கொன்னுடுவீங்க" என்றார், சத்தமில்லாமல்.
டாக்டர் பதில் சொல்லவில்லை.
புதுச்சத்திரத்தைத் தூக்கி
அதன் விலாவில் அவர் விரல்களை எடுத்து வைத்தார்.
"எண்ணுங்க."
வெகுநேரம் எண்ணினார்.
அன்பில்லை என்று எந்த வாயால் சொல்ல?
ரேஷன் அரிசியை அறுபத்து நாலாய்ப் பங்கு வைத்தவர்.
அறுபத்து ஐந்தாவது பட்டினி அவருடையது.

அப்போதுதான் பார்த்தேன்,
ஃபிரிட்ஜ் மேல், பாதிக் காது இல்லாத செவலை.

என் பையன் பிளஸ் டூ படித்த வருஷம்
படிப்பு கெடும் என்று
மிக்சி வந்த அட்டைப்பெட்டியில் போட்டு
விடியுமுன் நீலக் கதவருகே வைத்தவள் நான்.
கூடவே ஒரு பாக்கெட் பால்.
அந்தப் பாலை நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.
பக்கத்தில் வேறு இரண்டு பெட்டிகளும் இருந்தன,
யாருடையவை என்று கேட்கவில்லை.
எந்த வீட்டு மிக்சி என்று பெட்டியே சொன்னது.

கூண்டுகள் இறங்கின. அவர் கதவை மறித்து நின்றார்.
டாக்டர் ஒரு நோட்டை நீட்டினார்.
"இன்வாய்ஸ் போடாம வண்டிய எடுப்பீங்களா ஐயா?"
முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார்,
மை இல்லை. என் பேனாவைக் கொடுத்தேன்.
மனுவில் கையெழுத்துப் போட்ட அதே பேனா.
ஒவ்வொன்றாக எழுதினார்,
யார், எங்கே இறங்குகிறார்கள், என்ன வியாதி.
இரவு ஒன்பது ஆனது.
வேன் டிரைவர் இரண்டு டீ குடித்துவிட்டுக் காத்திருந்தார்.

மூன்று மாதம் ஓடிவிட்டது.
ஒன்பது செத்தன. அதை மறைக்காமல்
அவர் கையாலேயே எழுதவைத்தார் டாக்டர்.
கருத்தடை முடித்துத் திரும்பியவை நான்கு.
சனிக்கிழமை நான் பினாயில் வாளியோடு போகிறேன்.
வியாழன்தோறும் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு
என் பையன் பைக்கில் கூட்டிப்போகிறான்.
சில வியாழன் வரமாட்டேன் என்று
கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்.

நேற்று விடிகாலை நீலக் கதவருகே ஒரு பெட்டி.
உள்ளே கீச்சுக் குரல்.
அவர் நின்றுகொண்டிருந்தார். குனியவில்லை,
கைகள் மட்டும் குனிந்துகொண்டிருந்தன.
பிறகு என் சன்னலைப் பார்த்து
ஒரே ஒரு விசில்.

இரண்டு அடித்தால் போகலாம்.
ஒன்றென்றால் நிறுத்து.

செருப்பைத் தேடாமல் இறங்கினேன்.